சச்நாமா மறுபதிப்பு: உள்ளடக்கத்துக்கு 5 நட்சத்திரம், அச்சுக்கு 1, காரைக்குடி பைண்டருக்கு 4

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சச்நாமா என்பது சிந்து தேசத்தின் பழைய அரசர்களையும் அரபுப் படையெடுப்பையும் பற்றிய பழைய பாரசீக நூல். சிந்தி எழுத்தாளர் மிர்ஸா கலீச் பேக் 1900-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அதை இன்று இணையத்தில் நாலைந்து பேர் மறுபதிப்புப் போட்டு விற்கிறார்கள். நான் வாங்கியது, ஆர்டர் வந்தால் ஒரு பிரதி அச்சடித்து அனுப்புகிற ரகம். புத்தகம் பொக்கிஷம், அதை அச்சடித்த விதம் அநியாயம். வாங்கலாம், ஆனால் வாங்கின கையோடு ஒரு நல்ல பைண்டரிடம் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி படிப்பதற்குள் தாள் தாளாகக் கையில் வரும். பதிப்பகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இந்த ரகத்தில் எல்லோருமே ஏறக்குறைய இப்படித்தான் செய்கிறார்கள், ஒருவரை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது.

சரி, குறைகளைச் சொல்லி முடித்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். விலை 650 ரூபாய், பார்சல் காரைக்குடிக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது, அதில் குறை இல்லை. அட்டையில் ஒட்டகம், மணல்மேடு, மறைகிற சூரியன். சிந்து நதிக்கரையின் கதைக்கு எதற்கு இந்தப் படம் என்று தெரியவில்லை, எங்கோ இலவசமாகக் கிடைத்திருக்கும். உள்ளே பழைய நூலகப் பிரதியை ஸ்கேன் செய்து அப்படியே போட்டிருக்கிறார்கள். ரப்பர் ஸ்டாம்பின் நிழல் தெரிகிறது, ஒரு பக்கத்தில் ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரலே தெரிகிறது. இதையெல்லாம் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது, பக்கத்தின் கீழ்ப்பகுதியை வெட்டிய விதம். அடிக்குறிப்புகளின் கடைசி வரி பல இடங்களில் கத்தரிக்கப்பட்டிருக்கிறது. இந்த மாதிரி நூலில் அடிக்குறிப்புதான் உயிர், மொழிபெயர்ப்பாளர் நம்மோடு நேராகப் பேசுகிற இடமே அதுதான். தாள் கண்ணைக் கூசுகிற வெள்ளை. முதுகில் வெறும் பசை, ஒரு தையல் கிடையாது. எங்கள் ஊர் சித்திரை வெயிலில் அந்தப் பசை என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் விட எனக்கு எரிச்சல் வந்தது பின்னட்டையைப் பார்த்துத்தான். பழைய நூல் என்பதால் குறைகள் இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிற பொருளில் ஒரு பத்தி. அவ்வளவுதான். மொழிபெயர்த்தவர் யார், எந்த ஊர், வேறு என்ன எழுதினார் என்று ஒரு வரி இல்லை. இவ்வளவு பெரிய மனிதரைப் பற்றி ஒரு வரி கூடவா எழுத முடியாது? அதனால் அவர்கள் விட்டதை நானே எழுதிவிடுகிறேன், இதை வாங்குகிற அடுத்த ஆளுக்காவது உபயோகப்படும்.

கலீச் பேக்கின் அப்பா மிர்ஸா ஃபரீதூன் பேக் ஜார்ஜியா நாட்டுக்காரர், பிறப்பால் கிறிஸ்தவர். சிறுவனாக இருக்கும்போது போரில் பிடிபட்டு, அடிமையாகக் கைமாறி, ஈரான் வழியாக சிந்து தேசத்து ஹைதராபாத்துக்கு, அப்போது சிந்துவை ஆண்ட தால்பூர் மீர்களின் அரண்மனைக்கு வந்து சேர்ந்தவர். (நிஜாமின் ஹைதராபாத் அல்ல, இது சிந்து நதிக்கரையில் இருப்பது, இன்று பாகிஸ்தானில்.) அங்கே அவருக்கு முன்பே இதே மாதிரி வந்து சேர்ந்திருந்த இன்னொரு ஜார்ஜியர் குஸ்ரோ பேக், அவருடைய மகளைத்தான் ஃபரீதூன் கட்டினார். 1843-ல் ஆங்கிலேயர்கள் மீர்களை வீழ்த்தி சிந்துவைப் பிடித்துக்கொண்டார்கள். பத்து வருஷம் கழித்து, 1853-ல், ஹைதராபாத்தை ஒட்டிய தண்டோ தோரோ என்ற இடத்தில் கலீச் பிறந்தார். அதாவது அடிமையாக வந்தவரின் பிள்ளை, ஆட்சி மாறிய வீட்டில் பிறந்தவர், அப்பாவும் தாய்வழித் தாத்தாவும் ஜார்ஜியர்கள். அவர்தான் சிந்தி உரைநடைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் முதல் வரிசை. இதில் ஆச்சரியப்பட நமக்கு ஒன்றும் இல்லை, இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையைப் படித்துச் சிரித்து வளர்ந்தவர்கள்தானே நாம்.

மக்தபில் (முஸ்லிம் திண்ணைப் பள்ளி) பாரசீகமும் அரபியும், பிறகு ஆங்கிலப் பள்ளி, அப்புறம் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரி. படித்துவிட்டு வந்து அரசு வேலையில் சேர்ந்தார். முக்தியார்கார், நம் ஊர்க் கணக்கில் தாசில்தார் மாதிரி, அங்கிருந்து டெபுடி கலெக்டர் வரைக்கும். நிலவரி, வாய்க்கால் தகராறு, ஜமாபந்தி, ஊர் ஊராக மாற்றல். இந்த வேலைக்கு நடுவில் அவர் எழுதியும் மொழிபெயர்த்தும் வைத்தவை 400-க்கு மேல் என்று கணக்குச் சொல்வார்கள். சின்னச் சின்னக் கையேடுகளையும் சேர்த்துத்தான் இந்த எண் வரும், அதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் பாதியைத் தள்ளினால் கூட மலைப்பாகத்தான் இருக்கிறது. 1929-ல் இறந்தார். அரசாங்கம் ஷம்சுல் உலமா என்ற பட்டம் கொடுத்தது. நம் மகாமகோபாத்தியாய மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், உ.வே.சா.வும் இவரும் ஏறக்குறைய ஒரே வயது, ஐயர் 1855.

1853 என்ற வருஷத்தை இன்னொரு முறை பாருங்கள். இன்று பாகிஸ்தானில் புழங்குகிற 52 எழுத்துகள் கொண்ட அரபு வழிச் சிந்தி எழுத்தை ஆங்கிலேய அரசு ஒழுங்குபடுத்தி அறிவித்ததும் அதே வருஷம்தான். அதற்கு முன் சிந்திக்கு எழுத்தே இல்லை என்று அர்த்தமில்லை, அதிகமாகவே இருந்தது, அதுதான் பிரச்சினை. முஸ்லிம் அறிஞர்கள் அரபு எழுத்தில் ஒருவிதமாக எழுதினார்கள், இந்து வியாபாரிகள் கணக்கு எழுத ஊருக்கு ஊர் ஒரு வணிக எழுத்து வைத்திருந்தார்கள். எந்த எழுத்தை அரசாங்க எழுத்தாக வைப்பது என்று அதிகாரிகளுக்குள்ளேயே சண்டை. கேப்டன் ஸ்டாக் தேவநாகரி என்றார், ரிச்சர்ட் பர்ட்டன் அரபு என்றார், கடைசியில் அரபுக்கட்சி ஜெயித்தது. அப்போதைய கமிஷனர் பார்ட்டில் ஃப்ரியர். கலீச் பேக் படிக்கிற வயதுக்கு வந்தபோது இந்த எழுத்துக்கும் அவர் வயதுதான். அதில் படிப்பதற்குப் பாடப்புத்தகங்கள் உண்டு, வேறு என்ன இருந்தது? கதை வேண்டும், நாடகம் வேண்டும், அகராதி வேண்டும், கட்டுரை வேண்டும். எழுத்து வந்துவிட்டது, நூல்கள் வரவில்லை. அந்த இடைவெளியை ஒற்றை ஆளாக நிரப்பப் பார்த்தார் என்பதுதான் அவர் வாழ்க்கையைப் பற்றி நான் புரிந்துகொண்டது. அந்த 400 என்ற எண்ணிக்கையே அதனால்தான். இல்லாவிட்டால் ஒரு டெபுடி கலெக்டர் தோட்டக்கலையிலிருந்து உமர் கய்யாம் வரைக்கும் கை வைக்க வேண்டிய அவசியம் என்ன.

அந்த வணிக எழுத்துகளைப் பற்றி ஒரு விஷயம், செட்டிநாட்டுக்காரர்களுக்கு ரசிக்கும். அவற்றில் உயிர்க்குறி போடும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. மெய்யை மட்டும் எழுதுவார்கள், மீதியை எழுதியவனும் வாசிப்பவனும் ஊகித்துக்கொள்ள வேண்டும். கணக்கு எழுதியவரே ஊருக்குப் போய்விட்டு வந்தால் தன் கையெழுத்தைத் தானே படிக்கத் திணறுவார் என்று அங்கே கேலி உண்டாம். எங்கள் வீட்டில் ரங்கூன் கடைப் பேரேடு ஒன்று பெட்டியில் கிடக்கிறது. அதில் புள்ளி எங்கே என்று தேடிப் பார்க்க வேண்டும், மா, காணி, முந்திரி என்ற பழைய பின்னங்கள் குறியீடாகவே ஓடும், ஊர்ப்பெயர் எல்லாம் முதல் எழுத்தோடு நிற்கும். அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) மட்டும்தான் அதை ஓட்டமாகப் படிக்க வரும். சிந்தி வணிகர்களைப் பற்றி நான் படித்துக் காட்டியபோது, "கணக்கு நாலு பேருக்குப் புரியுறாப்ல எழுதினா அப்புறம் அது என்ன கணக்கு" என்றார். பாயிண்டுதான். சிந்துவின் ஷிகார்பூர் வட்டிக்கடைக்காரர்கள் எழுதிக் கொடுத்த உண்டியல் (பணம் தரச் சொல்லும் சீட்டு) புகாரா வரைக்கும் செல்லுபடியானது, ஹைதராபாத் சிந்திகள் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் பட்டுக்கடை வைத்திருந்தார்கள். நம்மவர்கள் கிட்டங்கி (கடைகள் இருந்த பொதுக்கட்டடம்) போட்ட அதே துறைமுகங்கள்தான்.

இனி அவருடைய நூல்கள். முதலில் கவனத்துக்கு வந்தவை மொழிபெயர்ப்புகள். பேக்கனின் கட்டுரைகளைச் சிந்தியில் கொண்டுவந்தார். ஷேக்ஸ்பியரை அப்படியே மொழிபெயர்க்காமல் ஆட்களுக்கும் ஊர்களுக்கும் பெயர் மாற்றி நாடகமாக்கினார். லியர் மன்னன் 'ஷா ஏலியா' ஆனான், வெனிஸ் வணிகன் 'ஹுஸ்னா தில்தார்' ஆயிற்று. நமக்கு இது பழக்கமான வேலை, பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை அமலாதித்யன் ஆக்கியதும் அதே வெனிஸ் கதையை வாணீபுர வணிகன் ஆக்கியதும் நினைவுக்கு வரும். ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் புதிதாக நாடகம் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்கு முன் டென்மார்க் என்றும் வெனிஸ் என்றும் சொன்னால் எடுபடாது என்று ரெண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. 'குர்ஷீத்' என்று ஒரு நாடகமும் எழுதினார்.

நாவலில் அவர் பெயர் நிற்பது 'ஜீனத்' என்ற புத்தகத்தால், 1890. சிந்தியில் தழுவலாக இல்லாமல் வந்த முதல் சமூக நாவல்களில் முக்கியமானது. படித்த பெண்ணைக் கதாநாயகியாக வைத்து, பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்களுக்குக் கதையாகப் பதில் சொன்னது. இங்கேயும் நமக்கு ஒரு ஆள் உண்டு, மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. 1879-ல் பிரதாப முதலியார் சரித்திரம், அதற்கும் முன்னால் பெண் கல்வியைப் பற்றி எழுதியவர். அங்கே ரெவின்யூ, இங்கே கோர்ட்டு. பகலெல்லாம் ஊர் வழக்கைக் கேட்டுக் கேட்டுத்தான் இவர்களுக்குக் கதை கிடைத்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம், ஏனென்றால் குடும்பச் சண்டையில் பெண்ணுக்கு என்ன கதி வருகிறது என்பது சொத்து வழக்கு பார்க்கிற அதிகாரிக்குத் தெரிகிற அளவுக்கு வீட்டில் உட்கார்ந்து கவிதை எழுதுகிறவருக்குத் தெரியாது.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது ஷா அப்துல் லத்தீஃபுக்காக அவர் செய்த வேலை. ஷா லத்தீஃப் (1689–1752) சிந்திக்காரர்களுக்கு யார் என்று கேட்டால், காரைக்குடிக்காரர்களுக்குக் கம்பன் யார் என்று திருப்பிக் கேட்கலாம். அவருடைய பாடல் தொகுப்பை முதலில் அச்சில் கொண்டுவந்தது எர்னஸ்ட் ட்ரம்ப் என்கிற ஜெர்மானியர், 1866-ல், அதுவும் லைப்சிக் நகரத்தில். சிந்து மக்கள் வாயில் இருந்த பாட்டு ஜெர்மனியில் அச்சாகி வந்தது. பாட்டில் வருகிற பழஞ்சொற்கள் அடுத்த தலைமுறைக்குப் புரியாமல் போகும் என்று தெரிந்து, கலீச் பேக் அவற்றுக்கென்றே 'லுகாத்-இ-லத்தீஃபி' என்று ஒரு அகராதி போட்டார், கவிஞரின் வாழ்க்கையையும் எழுதினார். பின்னால் 1923-லிருந்து ஹோத்சந்த் குர்பக்ஷாணி மூன்று பாகமாக ஆய்வுப் பதிப்புக் கொண்டுவந்தார், இந்துவான குர்பக்ஷாணியும் முஸ்லிமான கலீச் பேக்கும் ஒரே சூஃபிக் கவிஞருக்காக மெனக்கெட்ட காலம் அது. சா. கணேசன் 1939-ல் இங்கே கம்பன் கழகம் தொடங்கினாரே, அந்த மாதிரி ஒரு மேடையும் கூட்டமும் கலீச் பேக்குக்கு வாய்த்திருந்தால் என்னவெல்லாம் செய்திருப்பாரோ.

இப்போது கையில் இருக்கிற சச்நாமாவுக்கு வருவோம். 1216-ல் அலி குஃபி என்பவர் உச் நகரத்தில் (இன்று பாகிஸ்தானில்) இருந்துகொண்டு பாரசீகத்தில் எழுதியது. பழைய அரபு நூல் ஒன்று கிடைத்தது, அதைத்தான் மொழிபெயர்த்தேன் என்று அவரே சொல்கிறார். 712-ல் முகமது பின் காசிம் சிந்துவைப் பிடித்த கதையும், அதற்கு முன் அங்கே ஆண்ட சச் என்கிற பிராமண அரசன், அவன் மகன் தாஹிர் இவர்களின் கதையும் இதில் வருகிறது. எலியட், டவ்சன் என்கிற ஆங்கிலேய வரலாற்றாசிரியர்கள் துண்டு துண்டாகச் சில பகுதிகளை முன்பே ஆங்கிலத்தில் கொடுத்திருந்தார்கள். முழுசாகக் கொடுத்தவர் கலீச் பேக். கராச்சி கமிஷனர் அச்சகத்தில் 1900-ல் அச்சானது. பாரசீக மூலத்தை தாவூத்போட்டா என்கிற சிந்தி அறிஞர் ஒழுங்காகப் பதிப்பித்தது 1939-ல்தான், அதாவது இவர் மொழிபெயர்க்கும்போது சரிபார்த்த மூலம் என்று ஒன்று கையில் இல்லை, கையெழுத்துப் பிரதிகளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியிருக்கிறார். அதனால்தான் அந்தக் கத்தரிக்கப்பட்ட அடிக்குறிப்புகளை நினைத்து வயிறு எரிகிறது.

கதை எப்படி? நான் எதிர்பார்த்ததை விட எவ்வளவோ நன்றாக ஓடுகிறது. சச் யார் தெரியுமா, ஒரு குமாஸ்தா. வேலை தேடி, அப்போது சிந்துவை ஆண்ட சஹாசி ராயின் அமைச்சரிடம் வருகிறான், எழுத்து வேலை கிடைக்கிறது. ஒரு நாள் தேபல் துறைமுகத்திலிருந்து ஓலை வருகிறது, அமைச்சர் இல்லை, இவன் போய் அரசனுக்குப் படித்துக் காட்டிப் பதிலும் எழுதிக் கொடுக்கிறான். எழுத்து அரசனுக்குப் பிடித்துப்போகிறது. அங்கிருந்து படிப்படியாக ஏறி, அரசி சுஹந்திக்கும் அவனைப் பிடித்துப்போய், அரசன் இறந்ததும் அரசியும் இவனுமாகச் சேர்ந்து சாவை மறைத்து, பங்காளிகளை ஒழித்து, சிங்காதனத்தில் உட்கார்ந்துவிடுகிறான். செத்த ராஜாவின் சகோதரன் (ராஜஸ்தான் பக்கத்து) சித்தூரிலிருந்து படையோடு வந்து, வா நாம் ரெண்டு பேர் மட்டும் சண்டை போடுவோம் என்கிறான். நான் பிராமணன், எனக்குக் குதிரைமேல் சண்டை போடத் தெரியாது, தரையில் வா என்கிறான் சச். அவன் இறங்குகிறான். சச்சின் குதிரைக்காரன் பின்னாலேயே மெதுவாகக் குதிரையை நடத்திக்கொண்டு வருகிறான், சமயம் பார்த்து சச் தாவி ஏறி ஒரே வெட்டு.

இதை அப்பச்சிக்குச் சொன்னேன். கொஞ்சம் கூட அசரவில்லை. "பெட்டியடிப் பையனா வந்தவன், அடுத்தாளாகி, மேலாளாகி, முதலாளி கண்ணை மூடினதும் கடையை எழுதி வாங்கிட்டான், அம்புட்டுத்தானே? இதுக்கு எதுக்குத்தா சிந்து வரைக்கும் போற" என்றார். அதற்குப் பிறகு எனக்கு சச்நாமாவை வேறு மாதிரிப் படிக்க முடியவில்லை. யோசித்துப் பாருங்கள், ஆபீஸில் ஓலை எழுதிப் பிழைத்தவன் ராஜாவாகிற கதையை ஒரு டெபுடி கலெக்டர் ராத்திரி உட்கார்ந்து மொழிபெயர்க்கிறார். அந்த ஆபீஸ் பகுதிகளில்தான் அவருடைய ஆங்கிலம் நன்றாக உயிரோடு இருக்கிறது. யார் யாருக்குக் கடிதம் எழுதினார்கள், எந்த மரியாதைச் சொல்லோடு தொடங்கினார்கள், எந்த இடத்தில் மிரட்டல் ஒளிந்திருக்கிறது, எல்லாம் தெளிவாக வருகிறது. போர்க்கள வர்ணனைகளில் அவருக்கு அவ்வளவு மனசு இல்லை, தேபல் கோயில் கொடிமரத்தை விழுத்தாட்டிய கல்லெறி பொறியும் அதை இழுக்க 500 ஆள் வேண்டும் என்ற கணக்கும் மட்டும் மனதில் நிற்கிறது. மற்றபடி நடை கனமானது, பழைய அறிக்கை ஆங்கிலம், ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். பழகினால் சரியாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் தாஹிரின் காலத்தில் வருகிறது. அவன் தங்கையைக் கட்டுகிறவன்தான் நாட்டை ஆள்வான் என்று ஜோசியர் சொல்லிவிடுகிறார். அதற்காகத் தங்கையை, பேருக்கு மட்டும், தானே கட்டிக்கொண்டால் என்ன என்று தாஹிருக்கு யோசனை, ஆனால் ஊர் என்ன சொல்லுமோ என்று பயம். அமைச்சர் புத்திமான் ஒரு காரியம் செய்கிறார். ஒரு ஆட்டைப் பிடித்து, அதன் ரோமத்தில் மண்ணையும் கடுகையும் போட்டுத் தண்ணீர் தெளித்துத் தெளித்து முளைக்க வைத்து, பச்சைப்பசேல் என்று ஆடு தெருவில் நடக்கிற மாதிரி ஊருக்குள் அனுப்புகிறார். மூன்று நாள் ஊரே கூடி வேடிக்கை பார்க்கிறது. அப்புறம் ஆடு பாட்டுக்குப் போகிறது, திரும்பிப் பார்க்க ஆளில்லை. நல்லதோ கெட்டதோ ஊர்ப்பேச்சு மூன்று நாள்தான் மன்னா என்கிறார் அமைச்சர். போன் வைத்திருக்கிற எல்லோரும் படிக்க வேண்டிய பக்கம்.

ஒரு எச்சரிக்கை. இந்த நூலை ரெண்டு தரப்பும் சண்டைக்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள், இதோ பார் ஆதாரம் என்று. நடந்ததை அப்படியே எழுதிய வரலாறு என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. முடிவையே பாருங்கள். தாஹிரின் பெண்கள் கலீபாவிடம் பொய் சொல்லி, அதனால் முகமது பின் காசிமைப் பதப்படுத்தாத தோலில் வைத்துத் தைத்து அனுப்பியதாக சச்நாமா சொல்கிறது. ஆனால் அதற்கு மூன்று நூற்றாண்டு முன்பே எழுதிய அரபு வரலாற்றாசிரியர் பலாதுரி, காசிம் கைதாகி இராக்கின் வாசித் நகரச் சிறையில் இறந்ததாகத்தான் சொல்கிறார். மனன் அகமது ஆசிஃப் என்கிற வரலாற்றாசிரியர் 2016-ல் எழுதிய நூலில், இது மொழிபெயர்ப்பே அல்ல, 13-ஆம் நூற்றாண்டில் ஆட்சி எப்படி நடக்க வேண்டும் என்று சொல்ல எழுதிய சொந்த நூல் என்று வாதாடுகிறார். எனக்கு அது சரியாகவே படுகிறது, அந்த ஆட்டுக்குட்டிக் கதையை வரலாறு என்று யார் நம்புவது.

இன்னொரு வருத்தம், இது நூலைப் பற்றியது அல்ல. 1947-க்குப் பிறகு சிந்து முழுசாக பாகிஸ்தானில், சிந்தி இந்துக்களில் பெரும்பாலோர் இந்தியாவில், மும்பை பக்கத்து உல்ஹாஸ்நகர் மாதிரி முகாம் ஊர்களில். அந்த மொழிக்கு இங்கே சொந்த மாநிலம் கிடையாது. 1967 ஏப்ரல் 10-ல்தான் அரசியல் சட்டத்தின் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணையில் சேர்த்தார்கள். அரபு எழுத்தா தேவநாகரியா என்ற பழைய சண்டை இந்தியாவில் மறுபடி வந்து நின்றுவிட்டது. கலீச் பேக் எழுதியது அரபு எழுத்தில், இங்கே வளர்ந்த சிந்திப் பிள்ளைகளில் பலருக்கு அது படிக்கவே வராது. பர்மாவில் கடையையும் நிலத்தையும் விட்டுவிட்டு 1942-ல் நடந்தே வந்தவர்களின் கதை நம் வீடுகளில் இருக்கிறது, ஆனால் வந்து சேர ஒரு செட்டிநாடு இருந்தது, தமிழ் இருந்தது.

இனி பைண்டர். செக்காலைப் பக்கம் ஒரு சின்னக் கடை, பெயர்ப்பலகை கூட மங்கிவிட்டது. பெரியவர் ஒருவரும் அவர் மகனும். ஒரு காலத்தில் செட்டியார் வீடுகளுக்குப் பேரேடும் குறிப்பேடும் தைத்துக் கொடுத்த குடும்பம், இப்போது கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட்தான் பிழைப்பு. புத்தகத்தை வாங்கி முதுகை ஒரு தடவை விரித்துப் பார்த்தார். "இது ஒட்டுன புத்தகம் தம்பி, தைக்க மடிப்பே இல்ல, ரம்பம் போட்டுத்தான் கட்டணும்" என்றார். செய்த விதம் பார்க்கத் தகுந்தது. பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுத்து, தாள்களைத் தட்டிச் சமன்செய்து திருகு அழுத்தியில் பூட்டினார். முதுகில் சின்ன ரம்பத்தால் குறுக்கே பள்ளங்கள், அந்தப் பள்ளங்களில் நூல்கயிறு, மேலே பசை. பசை கடையில் வாங்கியது இல்லை, மைதாவைக் காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலந்தது. முதல் சில தாளையும் கடைசி சில தாளையும் பக்கவாட்டில் ஊசி போட்டுத் தைத்து, காலிகோ துணி சுற்றி, கனமான அட்டை வைத்தார். ஒட்டக அட்டையைத் தூக்கிப் போட்டுவிடவா என்று கேட்டார், தாராளமாக என்றேன். கூலி 220 ரூபாய். இப்போது மேசையில் விரித்து வைத்தால் ஏறக்குறைய விரிந்து நிற்கிறது, தாள் அசையவில்லை.

ஒரு நட்சத்திரம் குறைத்ததற்குக் காரணம் உண்டு. சொன்ன நாளில் கிடைக்கவில்லை, போன் போட்டால் எடுப்பதில்லை, நேரில் போனால் "நாளைக்கு" என்பார்கள். ஓரத்தை வெட்டும்போது மகன் கொஞ்சம் தாராளமாக வெட்டிவிட்டார், ஏற்கனவே ஒல்லியாக இருந்த ஓரம் இன்னும் ஒல்லியாகிவிட்டது. குறிப்பு எழுத இடம் வேண்டும் என்பவர்கள் வெட்டாதே என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

யார் வாங்கலாம்? வரலாற்றுப் பாடத்துக்கு நேரடி ஆதாரம் தேடுகிற மாணவர்கள் இதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம், கூடவே ஆசிஃபின் நூலையும் படியுங்கள். கதைக்காகவும் மொழிபெயர்ப்பாளருக்காகவும் படிக்கிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். 1900 பதிப்பின் ஸ்கேன் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பதிப்புரிமை எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. என்னைக் கேட்டால் 650 ரூபாயை மிச்சம் பிடித்து, அதை ஓரம் வெட்டுப்படாமல் நல்ல தாளில் ஜெராக்ஸ் கடையில் இருபக்க அச்செடுத்து நேராக பைண்டரிடம் கொடுத்தாலே போதும், அடிக்குறிப்பும் முழுசாக இருக்கும். மார்ச், ஏப்ரலில் மட்டும் போகாதீர்கள், புராஜெக்ட் கூட்டம் வாசலில் நிற்கும், உங்கள் புத்தகம் மூலையில் கிடக்கும். முதுகில் தங்க எழுத்துப் போட எழுத்துக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குகிறார்கள். பெயரைத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் கலீச் பேக் காளீஸ் பேக் ஆகிவிடுவார், என் பிரதிக்கு அது நடக்க இருந்தது, அச்சுக் கோத்து வைத்த பிறகு பார்த்துத் தடுத்தேன்.